பாட்டுக் குழுவிலிருந்து ஒன்றும் வரவில்லை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருக்கும் அன்னெலீஸ் சொன்னது. அன்னெலீஸ் எதையும் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சொல்வார் என்பது மாடி முழுக்கத் தெரியும். அதனால் கேட்டதையெல்லாம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து எழுதியிருக்கிறேன். குறைத்த பிறகும் நம்ப முடியாத இடங்கள் இருந்தால் அவை நடந்தவையாகத்தான் இருக்கும்.

லோத்தார் விட்மையர் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரின் நில அளவை அலுவலகத்தில் இருக்கிறார். ஊருக்கு வெளியே தோட்டச் சங்கத்தில் அவருக்கு ஒரு துண்டு நிலம். சங்கத்தின் செயலாளரும் அவரே. வேலி உயரம் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சங்க விதி. மற்றவர்கள் வேலியைக் கண்ணால் பார்ப்பார்கள். லோத்தார் லேசர் கருவியால் பார்ப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு சபதம் செய்தார். தன் வீட்டுத் தக்காளியின் படம்கூட இனி எந்தப் பெரிய கம்பெனியின் கைக்கும் போகாது. அடுத்த வாரமே நிலவறையில், ஜாம் பாட்டில்களுக்கும் காரின் பனிக்காலச் சக்கரங்களுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டியது. அதுதான் லோத்தாரின் சொந்தச் சமூக ஊடகம். குடிமக்கள் பதினான்கு பேர்.

இப்படிப்பட்ட சர்வர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர், தனி அஞ்சல் நிலையம். ஓர் ஊர்க்காரர் எழுதியதை இன்னோர் ஊர்க்காரர் தன் வீட்டுக் கூரையின் கீழேயே படிக்கலாம். தபால் ஒழுங்காகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

தன் ஊருக்கு லோத்தார் முப்பத்தொரு விதிகள் எழுதினார். அதில் முக்கியமானது நாலு கண் விதி. எந்த முடிவையும் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டு கண்கள் அவருடையவை. அடுத்த இரண்டுக்கு மனைவி குட்ரூனிடம் போனார்.

"இங்க ஒரு கையெழுத்து போடு, செல்லம்."

"என்னது இது?"

"நீ இனிமே நடுவர். நான் ஏதாவது தப்பு பண்ணா தடுக்கிற அதிகாரம் உனக்கு இருக்கு."

"அது இருபத்தொன்பது வருஷமா இருக்கே. எழுத்துல இல்ல, அவ்வளவுதான்."

குட்ரூன் அந்தக் காகிதங்களோடு அரை மணி நேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெயில் காய்ந்தார் என்று லோத்தார் நினைத்தார். குட்ரூன் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. குட்ரூன், "இன்றைக்குத் தோட்டத்தில் ஒரு கூடைத் தக்காளி" என்று எழுதினார். கீழே லோத்தார், "1.8 கிலோ" என்று திருத்தினார். "மழை கொட்டுகிறது" என்றார் குட்ரூன். "மணிக்கு நான்கு மில்லிமீட்டர். இது மிதமான மழை" என்றார் லோத்தார். மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு குட்ரூன் அந்த ஊரைவிட்டே கிளம்பினார். தான் பாடும் பாட்டுக் குழுவுக்கு ஒரு சர்வர் இருந்தது. அங்கே போய்க் குடியேறினார்.

"வீட்லயே சர்வர் இருக்கும்போது வெளியில எதுக்கு?"

"வீட்ல சாப்பாடு இருக்கும்போது நீ ஆபீஸ் கேன்டீன்ல சாப்பிடறியே, அது மாதிரிதான்."

லோத்தார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு பெரிய காரியம் இருந்தது. தோட்டச் சங்கத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதத்தில் ஒட்டும் அறிவிப்புகளை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் தன் சர்வருக்குக் கொண்டுவருவது. இரண்டு ஆண்டுகளாகப் பேசிப் பேசி, மே மாதப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்ற இடம்வரை வந்துவிட்டார்.

சங்கத் தலைவர் திருமதி ஸ்ட்ரோபெல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அங்கே ஆண்களைக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் நம் 'திரு' மாதிரி 'ஹெர்' போடுவார்கள்.

"ஹெர் விட்மையர், நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் பாட்டுக் குழு சர்வர்ல இருக்காங்க. இன்னொரு கணக்குத் தொடங்குங்கன்னா என்னை அடிக்க வருவாங்க. அங்க எழுதுறது உங்க சர்வருக்கு வரணும். கூட்டத்துல நானே ஒண்ணு எழுதிப் பார்ப்பேன். பெரிய திரையில வந்தா உங்க சர்வர். வரலேன்னா கண்ணாடிப் பெட்டி."

"வரும். ஏன் வராது?"

அதுவரை வந்துகொண்டுதான் இருந்தது. கூட்டத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது நின்றது.

ஹாம்பர்கில் ரயில் படம் எடுப்பவரின் பதிவு வந்தது. ஹாலந்தில் பாலாடைக்கட்டி செய்யும் அம்மாளின் பதிவு வந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாட்டுக் குழுவிலிருந்து மட்டும் ஒரு வரி வரவில்லை. லோத்தார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிலவறையில் இறங்கினார்.

முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல். இரண்டு சர்வர்களின் நேரம் பொருந்தாவிட்டால் ஒன்றின் முத்திரையை மற்றொன்று ஏற்காது. பெட்டியின் கடிகாரம் சரியாகவே இருந்தது. திருப்தி வராமல் வீட்டிலிருந்த அத்தனை கடிகாரங்களையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டார். அடுத்த சந்தேகம் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. ஆகவில்லை. பெட்டியின் சேமிப்பு வட்டில் இடம் நிரம்பிவிட்டதோ? பாதிகூட நிரம்பவில்லை. உள்ளே வரும் தபால் வரிசையில் ஏதாவது சிக்கி நிற்கிறதோ? வரிசை, கடைகள் மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு மாதிரி காலியாக இருந்தது.

பாட்டுக் குழுவின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஹெர் க்ளாம். கட்டைக் குரல் பாடுபவர். லோத்தார் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஹெர் க்ளாம், உங்க பக்கத்திலேர்ந்து போகுதா?"

"போகுது, ஹெர் விட்மையர். உங்க வாசல் வரைக்கும் போகுது. கதவு திறக்க மாட்டேங்குது."

"என் கதவு திறந்துதான் இருக்கு."

"அப்படின்னா உள்ளேர்ந்து யாராவது தாழ்ப்பாள் போட்டிருப்பாங்க."

"என் வீட்ல யாரு போடுவா?"

"அது உங்க வீட்டு விஷயம். நான் கடைசி வரிசையில நின்னு பாடுறவன். முன் வரிசையில பெண் குரல்காரங்க என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குக் கேட்கிறதில்ல."

லோத்தார் போனை வைத்தார். பெண் குரல்களைப் பற்றி இந்த மனிதரை யார் கேட்டது?

அதிலிருந்து சந்தேகம் நிலவறையிலிருந்து மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது.

காலைச் சாப்பாட்டில் குட்ரூன் தன் போனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒரு பூனை."

"என்ன பூனை?"

"பூனைன்னா பூனைதான், லோத்தார். அதுக்கு சர்வே நம்பர் கிடையாது."

நாலு நிமிடம் கழித்து மறுபடி சிரிப்பு.

"இப்ப?"

"அதே பூனை. மரத்துமேல ஏறிடுச்சு."

லோத்தார் குறிப்பேட்டில் எழுதினார்: ஏழு பத்து, சிரிப்பு. ஏழு பதினாலு, சிரிப்பு. பூனை ஒன்று என்கிறாள்.

ஊரும் சரியில்லை. ரொட்டிக் கடைக்காரம்மாள் முறுக்குப் போல வளைந்த பிரெட்செல் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"கடிகாரமெல்லாம் சரியாயிடுச்சா, ஹெர் விட்மையர்?"

"எந்தக் கடிகாரம்?"

"சும்மா கேட்டேன். எங்க கடைக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முந்துது. நேரம் இருந்தா பாருங்க."

கடைக்குள் நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த கேக்கை ஆராயத் தொடங்கினார்கள். பெரியவர்கள் மூன்று பேர் ஒரு கேக்கை அவ்வளவு நேரம் பார்ப்பது இயல்பு அல்ல.

வீட்டில் நடப்பது வெளியே போகிறது. யார் வழியாக? ஒருவேளை அந்தப் பெட்டியே ஒட்டுக்கேட்கிறதோ? லோத்தார் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினார். பிறகு நில அளவைக்காரராகவே யோசித்தார். எல்லை எங்கே என்று தெரியவில்லையா, ஒரு கல்லை நட்டுப் பார்.

மறுநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"நான் ஆல்ப்ஸ் குழல் கத்துக்கலாம்னு இருக்கேன்."

"மூணரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மரக்குழல் இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"நல்லது. உனக்கு மூச்சு நிறைய இருக்கு" என்றார் குட்ரூன். 

ஒரு நாள் கழித்து ரொட்டிக் கடையில் கல் முளைத்தது.

"ஹெர் விட்மையர், மத்தியானம் ஒண்ணிலேர்ந்து மூணு வரைக்கும் அமைதி நேரம். உங்களுக்குத் தெரியாததில்ல. குழலுக்கும் அது பொருந்தும்."

ஆக, கசிவது குட்ரூன் வழியாக. கசிந்து சேரும் இடம் பாட்டுக் குழு சர்வர். தன்னைப் பற்றி அங்கே ஏதோ எழுதப்படுகிறது. ஊர் முழுக்க அதைப் படிக்கிறது. தபால் நின்றுபோனதால் படிக்க முடியாத ஒரே ஆள், தபால் நிலையத்தின் சொந்தக்காரர்.

அந்தச் சர்வரில் கணக்கு இல்லாதவருக்கு எதுவும் காட்ட மாட்டார்கள். கணக்கு வேண்டுமென்றால் ஹெர் க்ளாமுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். சொந்தமாகக் கோயில் கட்டியவர் பக்கத்து ஊர்க் கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்பதா? லோத்தார் நிற்கவில்லை. தன் பெட்டியையே கடைசி ஆணி வரை பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மதியத்தோடு அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று: நடுவர்களின் முடிவுப் பதிவேடு. அதில் எழுதக்கூடியவர்கள் இரண்டே பேர்: அவரும், ஊரைவிட்டுப் போன பிறகும் நடுவராகவே நீடித்த குட்ரூனும். மூன்று ஆண்டுகளாக அவரைத் தவிர யாரும் எழுதியதில்லை. சாவி தொலைந்தால் தெரு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில்தானே சட்டைப்பையில் கைவிடுகிறோம்? அப்படித்தான் அதைத் திறந்தார்.

மூன்று வாரம் முந்தைய தேதியில் ஒரு பதிவு இருந்தது.

"பாட்டுக் குழு சர்வர்: தடுத்து வைக்கப்படுகிறது. காரணம்: விதி ஒன்பது. நம் உறுப்பினர் ஒருவரைக் கேலி செய்யும் பதிவுகள் அங்கே இன்று தொடங்கிவிட்டன. கேலிக்கு உள்ளானவர்: லோத்தார் விட்மையர். கேலி செய்தவர்: குட்ரூன் விட்மையர். முடிவெடுத்த நடுவர்: குட்ரூன் விட்மையர்."

லோத்தார் அதை மூன்று முறை படித்தார். இலக்கணப் பிழைகூட இல்லை.

குட்ரூன் அடுக்களையில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"நீதான் தாழ்ப்பாள் போட்டியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"உன்னைக் காப்பாத்த. உன்னைக் கிண்டல் பண்ணி ஒருத்தி கண்டபடி எழுத ஆரம்பிச்சா. உன் விதி ஒன்பது அதைத் தடுக்கச் சொல்லுது."

"அந்த ஒருத்தி நீதானே."

"எழுதினவ யாருன்னு நடுவர் பார்க்கக் கூடாது. அது விதி பத்து. நீ அழகா எழுதியிருக்கே."

"நான் மூணு வாரமா நிலவறையில கிடந்தேன், குட்ரூன். உனக்குத் தெரியும்."

"தெரியும். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ ஹெர் க்ளாமைக் கேட்டே, கடிகாரத்தைக் கேட்டே, பூனையைக் கேட்டே."

லோத்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் தடை போய்விடும். ஆனால் விதி பதினொன்று குறுக்கே படுத்திருந்தது: ஒரு முடிவில் சம்பந்தப்பட்டவர் அந்த முடிவில் கை வைக்கக் கூடாது, தடுத்து வைத்த பதிவுகளைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது; அப்போது மற்ற நடுவரின் இரண்டு கண்களே போதும். மீறினால் பதிவேட்டில் விழும். அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை சங்க உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தவரும் அவர்தான். வேறு யாராக இருந்தாலும் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அடுத்தவர் வேலியில் இரண்டு சென்டிமீட்டரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியவரால் அது முடியாது.

"சரி. மேல்முறையீடு பண்றேன். நீயே எடுத்துவிடு."

"எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தார். குட்ரூன் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"விதி பதினாலு. பரிசீலிக்க ஏழு வேலை நாள்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டம். ரெண்டு வருஷ வேலை. வரலேன்னா அறுபது பேர் முன்னாடி நான் ஒரு இருட்டுத் திரைக்குப் பக்கத்துல நிப்பேன்."

குட்ரூன் அவர் முகத்தைப் பார்த்தார். காகிதத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு எடுத்துடறேன். பத்து மணிக்கு மேல, கூட்டத்துல வச்சே."

"பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் லோத்தாரை இவ்வளவு பயமுறுத்திய பதில் வேறு இல்லை.

சனிக்கிழமை சங்கக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே அவருக்கு மூக்கு வியர்த்தது. இந்தச் சங்கக் கூட்டங்களில் பின்வரிசைதான் முதலில் நிரம்பும். சீக்கிரம் நழுவ வசதி. அன்றைக்கு முன்வரிசைகள் நிரம்பி, பின்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ரொட்டிக் கடைக்காரம்மாள் சரியாக நடுவில். அவருக்குத் தோட்டமே கிடையாது.

"நீங்க எப்படி இங்க?"

"வேடிக்கை பார்க்கத்தான். விருந்தாளிகள் வரலாம்னு விதி இருக்காமே."

திருமதி ஸ்ட்ரோபெல் தன் போனில், "புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கப்பட்டுவிட்டது" என்று தட்டி அனுப்பினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. லோத்தார் குட்ரூனைப் பார்த்தார். குட்ரூன் பைக்குள் கைவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, போனில் ஒரு தடவை தொட்டார்.

அந்த நொடியில்தான் லோத்தாருக்கு உறைத்தது. மற்ற சர்வர்கள் தடுத்ததைத் தூக்கி எறிந்துவிடும். அவருடைய சர்வர் எறியாது. எல்லாவற்றையும் பத்திரமாகப் பூட்டிவைத்து, தடை நீங்கியதும் வரிசை பிசகாமல் வெளியே விடும். நேர்மையான ஏற்பாடு என்று அவரே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது.

திரையில் மூன்று வாரம் கொட்டியது.

"என் வீட்டு அளவைக்காரர் இன்று எல்லாக் கடிகாரங்களையும் சரிசெய்தார். முட்டை வேகவைக்கும் மணல் கடிகாரம் மட்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்."

"ஆல்ப்ஸ் குழல் கற்கப்போகிறாராம். நான் நம்பிவிட்டேன் என்று நம்புகிறார். ரொட்டிக் கடையில் தயவுசெய்து அவரிடம் குழலைப் பற்றிக் கேளுங்கள். பாவம், காத்துக்கொண்டிருப்பார்."

"அவருக்கு என் மேல் சந்தேகம். நாள் கணக்கில் என்னை இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. பழுதைச் சரிசெய்ய எனக்கு மனமே வரவில்லை."

கடைசியாக, முந்தின நாள் தேதியில்:

"நாளை பத்து மணிக்கு எல்லாம் ஒன்றாக வரும். திரையைப் பார்க்காதீர்கள், அதை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பாருங்கள்."

அறுபது பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்கும் கீழே, சிறியதாக, புல்வெட்டும் இயந்திரம் வந்து சேர்ந்தது.

"வந்துடுச்சு, ஹெர் விட்மையர்" என்றார் திருமதி ஸ்ட்ரோபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒத்திசைவு நல்லாவே வேலை செய்யுது. வாக்கெடுப்புக்குப் போகலாமா?"

லோத்தார் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு திருத்தம். மணல் கடிகாரத்துகிட்ட நான் பேசல. பக்கத்துல வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான்."

காலியான கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஹெர் க்ளாமின் கட்டைக் குரல் கேட்டது. "விதிகளைப் பத்தி ஒரு கேள்வி. இந்தச் சர்வர்ல இனிமே முக்காவாசிப் பதிவு ஹெர் விட்மையரைப் பத்தித்தான் இருக்கும். அவர் எல்லாத்துலயும் சம்பந்தப்பட்டவர் ஆயிடுறாரு. அப்படின்னா அவரால எதுலயும் முடிவெடுக்க முடியாதே. நிர்வாகம் யாரு பண்றது?"

கொட்டகையே லோத்தாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதி பதினொன்றை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தார். ஓட்டை எதுவும் இல்லை. எழுதியவர் கெட்டிக்காரர்.

"சரியாத்தான் சொல்றாரு" என்றார் லோத்தார்.

கைகள் உயர்ந்தன. கண்ணாடிப் பெட்டி போயிற்று, சர்வர் வந்தது, நிர்வாகி குட்ரூன். சம்பந்தப்பட்டவர் என்பதால் லோத்தார் கை தூக்கவில்லை. செயலாளர் என்பதால் அதை அவரே குறித்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் இருவரும் ஆற்றுப் பாலத்துக்கு வந்தார்கள் என்கிறார் அன்னெலீஸ். அங்கே லோத்தார் கேட்டாராம்:

"அந்தக் கல்யாணமான புதுசு பத்தி எழுதினது. அதுவும் கிண்டல்தானா?"

"அது பரிசீலனையில இருக்கு" என்றாராம் குட்ரூன்.

அன்னெலீஸ் சொன்னது இத்தனைதான். அறுபது பேர் என்றது நாற்பதாகவும் இருக்கலாம். நான் குறைக்க மறந்துவிட்டேன். ஆனால் அந்தச் சர்வரின் விதிகள் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கலாம். போன வாரம் போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு விதிகள் இருந்த பக்கத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது: "சந்தேகம் வந்தால் குட்ரூனைக் கேட்கவும்." அதன் கீழே, சரிபார்த்து ஒப்புக்கொண்டவர்: லோத்தார் விட்மையர்.